கேளாமல் வந்த துணை

நாகபுரியில் நாற்பது ஆண்டுகளாக வசித்துவரும் தமிழ் அன்பர் ஒருவர். ரயில்வேயின் கணக்குப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஒரு ஞாயிறு மாலை, வகுப்பு முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு அருகில் வந்தார். “சுவாமிஜி, எங்கள் வீட்டுக் கணினியில் அழைக்காத விருந்தாளி ஒருவர் வந்து உட்கார்ந்திருக்கிறார். போகச் சொன்னாலும் போக மாட்டேன் என்கிறார்” என்றார்.

இணையத்தில் செய்தித்தாள் படிப்பதற்காக அவர் நாள்தோறும் திறக்கும் பிரவுசர் ஒருநாள் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. மறுநாள் காலை, திரையின் ஓரத்தில் ஒரு சிறு பலகம் முளைத்திருந்தது. ‘இந்தப் பக்கத்தைச் சுருக்கித் தரட்டுமா? ஏதாவது கேட்க வேண்டுமா?’ என்று அது விசாரித்தது. செயற்கை நுண்ணறிவு உதவியாளர் என்று அதற்குப் பெயர். மூடினால் அடுத்த நாள் மீண்டும் வந்தது. அன்பருக்குக் கோபம். “நான் படிப்பதை எட்டிப் பார்ப்பதற்கு இதை யார் அழைத்தார்கள்?”

அருகில் நின்ற அவருடைய துணைவியார் மெல்லச் சிரித்தார். அவருக்குச் சர்க்கரை நோயால் பார்வை மங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. “எனக்கு அது பெரிய உதவி, சுவாமிஜி. தமிழில் கேட்டால் தமிழிலேயே சொல்கிறது. பேரன் ஆங்கிலத்தில் எழுதும் கடிதத்தைக்கூட நானே தெரிந்துகொள்கிறேன். யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை” என்றார்.

ஒரே வீடு, ஒரே கருவி. ஒருவருக்கு எரிச்சல்; மற்றவருக்கு நன்றி. “இருவரில் யார் சொல்வது சரி?” என்று அன்பர் கேட்டார். அன்று என்னால் உடனே விடை கூற இயலவில்லை. சில வாரங்கள் யோசித்தபின் தோன்றியவற்றை இங்கே எழுதுகிறேன்.

உலகெங்கும் இதே வழக்கு

அந்த வீட்டில் நடந்தது இன்று உலகெங்கும் நடந்துகொண்டிருக்கிறது. 2023 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் தேடல் தளத்திலும் எட்ஜ் என்னும் பிரவுசரிலும் உரையாடும் உதவியாளர் ஒன்றைச் சேர்த்தது. ஓபரா, பிரேவ், கூகுளின் குரோம் ஆகியவை பின்தொடர்ந்தன. 2025 ஜூலையில் பெர்ப்ளெக்ஸிட்டி நிறுவனம் ‘காமெட்’ என்பதையும், அதே ஆண்டு அக்டோபரில் ஓப்பன்ஏஐ நிறுவனம் ‘அட்லஸ்’ என்பதையும் வெளியிட்டன. இவற்றில் உதவியாளர் ஓரத்தில் ஒட்டப்பட்ட பொருள் அல்ல. வீடே அவருக்காகக் கட்டப்பட்டது.

மக்கள் இதை எப்படி ஏற்றார்கள் என்பதை ஃபயர்பாக்ஸ் பிரவுசரின் கதை நன்கு காட்டுகிறது. 2004-இல் முதல் பதிப்பு வெளிவந்த ஃபயர்பாக்ஸை, லாப நோக்கமற்ற மொசில்லா அறக்கட்டளைக்குச் சொந்தமான நிறுவனம் நடத்துகிறது. தங்கள் அந்தரங்கம் காக்கப்படும் என்ற நம்பிக்கையில் அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் பலர். 2025 நவம்பரில், உதவியாளருடன் உரையாடியபடியே உலாவும் தனிச்சாளரம் ஒன்றை உருவாக்கி வருவதாக மொசில்லா அறிவித்தது. விரும்புவோர் மட்டும் அதைப் பயன்படுத்தலாம் என்றும் கூறியது. வரவேற்பை எதிர்பார்த்த இடத்தில் எதிர்ப்பு எழுந்தது. டிசம்பரில் புதிதாகப் பொறுப்பேற்ற தலைவர், ஃபயர்பாக்ஸ் செயற்கை நுண்ணறிவுப் பிரவுசராக வளரும் என்று எழுதியபோது எதிர்ப்பு இன்னும் வலுத்தது. ‘இதை நாங்கள் கேட்கவில்லையே!’ என்பதே பலருடைய குரல். முடிவில், இத்தகைய வசதிகள் அனைத்தையும் ஒரே இடத்தில் அணைத்துவிடும் ஏற்பாட்டைச் செய்து தருவதாக நிறுவனம் வாக்களித்தது. 2026 பிப்ரவரியில் வெளியான பதிப்பில் அது இடம்பெற்றது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எதிர்த்தவர்களில் பலர் கணினியை அறியாதவர்களோ புதுமையைக் கண்டு அஞ்சுபவர்களோ அல்லர், அத்துறையிலேயே பழகியவர்கள். வேறிடத்தில் தாமாகத் தேடிச் சென்று இதே போன்ற உதவியாளரைப் பயன்படுத்தும் ஒருவரே, தாம் படிக்கும் பக்கத்தின் ஓரத்தில் அது தானாக வந்து நிற்கும்போது வெகுள்கிறார். ஆகவே கோபத்தின் காரணம் கருவியில் மட்டும் இல்லை. அது வந்த வழியில் இருக்கிறது.

இதற்கு ஒரு பழைய முன்னோடியும் உண்டு. மைக்ரோசாஃப்டின் ஆஃபீஸ் 97 மென்பொருளில், காகிதங்களைச் சேர்த்துச் செருகும் கிளிப்பின் வடிவில் ஒரு சிறு பொம்மை தோன்றும். கடிதம் எழுதத் தொடங்கினால், உதவி செய்யட்டுமா என்று கேட்கும். அதன் எண்ணம் நல்லதுதான். ஆனால் கேலிக்கும் எரிச்சலுக்கும் ஆளாகி, 2001-இல் பின்னுக்குத் தள்ளப்பட்டு, 2007-ஆம் ஆண்டுப் பதிப்பில் அடியோடு நீக்கப்பட்டது. இன்றைய உதவியாளரின் திறமை அந்தப் பொம்மைக்குக் கனவிலும் இருந்ததில்லை. இருந்தும் மனித மனம் கேட்கும் கேள்வி மாறவில்லை: ‘நான் அழைத்தேனா?’

கேள்வி பழுக்கும் காலம்

கேளாமல் கிடைக்கும் உதவி ஏன் உறுத்துகிறது? தான் என்னும் முனைப்புதான் காரணம் என்று சொல்லி முடித்துவிடலாம். ஓரளவு அது உண்மையும்கூட. ஆனால் நம் மரபு இதை இன்னும் ஆழமாகப் பார்த்திருக்கிறது.

பிரச்ன உபநிஷதம் ஆறு கேள்விகளால் ஆனது. ஆறு பேர் கையில் சமித்துடன் பிப்பலாத முனிவரிடம் வருகிறார்கள். எல்லோரும் ஏற்கெனவே கற்றவர்கள், கேள்வியோடு வந்தவர்கள். முனிவரோ அவர்களை உடனே கேட்கவிடவில்லை. தவத்தோடும் சிரத்தையோடும் ஓராண்டு இங்கே தங்கியிருங்கள், பிறகு கேளுங்கள் என்கிறார். அத்தோடு, தமக்குத் தெரிந்திருந்தால் சொல்வதாகவும் ஒரு நிபந்தனை சேர்க்கிறார்.

இந்தச் சிறு காட்சியில் இரண்டு நுட்பங்கள் உள்ளன. முதலாவது, கேள்வி பழுக்க வேண்டும். பழுக்காத கேள்விக்குக் கிடைக்கும் விடை, பசிக்கு முன் ஊட்டிய உணவு போன்றது. அது உள்ளே செல்லும், உடம்பில் ஒட்டாது. இரண்டாவது, விடை கூறுபவர் தம் அறிவின் எல்லையை அறிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்தால் சொல்வேன் என்று ஒரு மகரிஷியே கூறுகிறார்.

திரையோரத்து உதவியாளரிடம் இவ்விரண்டையும் காண்பது அரிது. பக்கம் திறந்த கணமே சுருக்கம் தயார். நாம் முதல் வரியைப் படித்து, ‘இது என்ன சொல்ல வருகிறது?’ என்று வியப்பதற்கு முன்பே விடை வந்து நிற்கிறது. அந்த விடை பெரும்பாலும் ஐயமில்லாத குரலிலேயே வருகிறது. சரியாக இருக்கும்போதும் அதே தொனி; தவறாக இருக்கும்போதும் அதே தொனி.

நாகபுரிக்குச் செல்லும் ரயில் எத்தனை மணிக்கு என்று அறிய ஓராண்டு தவமிருக்க வேண்டியதில்லை என்பது உண்மையே. எல்லாக் கேள்விகளும் ஒரே வகையானவை அல்ல. சில கேள்விகளில் விடைதான் முக்கியம். அது விரைவாக வந்தால் நன்று. வேறு சில கேள்விகளில், விடையைத் தேடிச் செல்லும் வழியிலேயே நாம் மாறுகிறோம். அந்த மாற்றம்தான் பயன். இந்த இரண்டு வகைகளையும் உதவியாளர் தாமாகப் பிரித்தறிவதில்லை. பிரித்தறிய வேண்டியவர் நாம்.

என் மேசையில் நடந்தது

இதைப் பிறருக்கு உபதேசமாகச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. என் சொந்த அனுபவத்தைக் கூறிவிடுகிறேன்.

மொழிபெயர்ப்பு என் அன்றாடப் பணி. சென்ற ஆண்டு, ஆன்மாவைப் பற்றி நியாய தரிசனத்தாருக்கும் பௌத்தர்களுக்கும் நடந்த வாதத்தை விளக்கும் நீண்ட ஆங்கிலக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்க நேர்ந்தது. அச்சுக்கு அனுப்ப இரண்டே நாட்கள் இருந்தன. கட்டுரை திரையில் திறந்திருந்தது. ஓரத்தில் பொத்தானும் இருந்தது. அழுத்தினேன். ஒரு நிமிடத்திற்குள் அழகான ஐந்து பத்திகள் வந்தன. கட்டுரையின் போக்கு விளங்கிவிட்டது என்ற நிம்மதியில், அதை மனத்தில் வைத்துக்கொண்டு மொழிபெயர்க்கத் தொடங்கினேன்.

நான்கு பக்கங்கள் எழுதியபின் இரவில் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் தவறு தெரிந்தது. நம் தத்துவ நூல்கள் எதிர்த்தரப்பாரின் கொள்கையை முதலில் முழு வலிமையோடு எடுத்துரைக்கும், அது பூர்வபட்சம். அதன் பின்னரே ஆசிரியரின் சித்தாந்தம் வரும். அந்தக் கட்டுரையாளரும் அதே முறையைப் பின்பற்றி, பல பக்கங்களுக்கு எதிர்வாதத்தைத் தம் வாதம் போலவே எழுதியிருந்தார். சுருக்கமோ அந்தப் பூர்வபட்சத்தையே அவருடைய முடிவாகக் கொடுத்திருந்தது. நானும் என் சொற்தேர்வில், இணைப்புச் சொற்களில், அழுத்தங்களில் அதையே பின்பற்றியிருந்தேன். வாக்கியத்துக்கு வாக்கியம் பிழையில்லை, மொத்தமும் பிழை.

கருவியைக் குறை கூறுவது எளிது. ஆனால் நியாய சாஸ்திரத்தைப் படித்தவன் நான். பூர்வபட்சம் என்றால் என்னவென்று அறிந்தவன். மூலத்தை ஒருமுறை முழுவதும் படித்திருந்தால் ஏமாந்திருக்க மாட்டேன். என் மனம் ஏமாற விரும்பியது. உழைப்பைத் தவிர்க்க ஒரு வாய்ப்புக் கிடைத்ததும் அதைப் பற்றிக்கொண்டது. அந்த நான்கு பக்கங்களையும் நீக்கிவிட்டு மீண்டும் தொடங்கினேன். கட்டுரை ஒரு மாதம் தாமதமாக வந்தது.

அன்று ஒன்று புரிந்தது. தமக்கு உடன்பாடில்லாத ஒருவருடைய வாதத்தைப் பல பக்கங்களுக்குப் பொறுமையாகத் தாங்கிக்கொண்டிருப்பதுதான் அந்த வாசிப்பின் பயன். அந்தப் பொறுமையைச் சுருக்கினால் கட்டுரை சுருங்குவதில்லை, படிப்பவன் சுருங்குகிறான்.

யார் ஆப்தர்?

பிறர் சொல்வதை எப்போது நம்பலாம் என்ற கேள்வியை நம் தர்க்க ஆசிரியர்கள் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஆப்தர், அதாவது நம்பத் தகுந்தவர், கூறும் சொல்லே ‘சப்தம்’ என்னும் பிரமாணம் என்பது கௌதமரின் நியாய சூத்திரம் தரும் இலக்கணம். அதற்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர், ஆப்தர் என்பவர் பொருளை நேரடியாக அறிந்தவராகவும், அறிந்ததை அறிந்தபடியே பிறருக்குத் தெரிவிக்கும் விருப்பம் உடையவராகவும் இருக்க வேண்டும் என்கிறார். இந்த இலக்கணம் ரிஷிகளுக்கும் சான்றோர்க்கும் அயல்நாட்டார்க்கும் பொதுவானது என்பதையும் அவர் சேர்த்துக் கூறுவது வியப்பளிக்கிறது. குலத்தையோ நாட்டையோ அவர் பார்க்கவில்லை. அறிவையும் நேர்மையையும் மட்டுமே பார்த்தார்.

இந்த அளவுகோலை உதவியாளரிடம் வைத்துப் பார்ப்போம். மாபெரும் அளவிலான எழுத்துகளிலிருந்து சொற்கள் ஒன்றையொன்று தொடரும் பாங்கைக் கற்று, அடுத்து வரத் தகுந்த சொல்லைக் கணித்துக் கோர்ப்பது அதன் அடிப்படைச் செயல்முறை. மாம்பழத்தைப் பற்றி அழகாக எழுதும், மாம்பழத்தைச் சுவைத்ததில்லை. மெய்யைத் தெரிவிக்க வேண்டும் என்ற விருப்பத்தையும், பொய்யுரைத்தால் உறுத்தும் மனத்தையும் அதனிடம் எதிர்பார்க்க இயலாது. ஆகவே வாத்ஸ்யாயனர் கூறும் பொருளில் அது ஆப்தர் அல்ல. ஆப்தர்கள் எழுதிவைத்த பலவற்றையும், ஆப்தர் அல்லாதார் எழுதியவற்றையும் கலந்து கேட்ட செவி அது.

அதனால் அது பயனற்றது என்று பொருளல்ல. நூலகத்தில் நமக்குப் புத்தகத்தை எடுத்துத் தரும் பணியாளரை நாம் மதிக்கிறோம். எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்கிறோம். அவர் எடுத்துத் தந்த நூல் உண்மையைச் சொல்கிறதா என்று தீர்மானிக்கும் வேலையை அவரிடம் ஒப்படைப்பதில்லை.

தெருவில் யார் சொன்னாலும் கேட்கும் சாரதி

இப்போது வரும் உதவியாளர்கள் சுருக்கித் தருவதோடு நிற்பதில்லை. நமக்காகப் பக்கங்களைத் திறக்கின்றன, பொருள் வாங்குகின்றன, மின்னஞ்சலைப் படித்துப் பதில் எழுதுகின்றன. இங்கே ஓர் ஆபத்து வெளிப்பட்டிருக்கிறது. 2025 ஆகஸ்டில், பிரேவ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் காமெட் பிரவுசரில் தாங்கள் கண்ட குறைபாடு ஒன்றை வெளியிட்டனர். இணையப் பக்கமொன்றில் கண்ணுக்குத் தெரியாதபடி ஒரு கட்டளையை ஒளித்துவைக்கிறார்கள். பயனாளர் அந்தப் பக்கத்தைச் சுருக்கித் தரும்படி கேட்கிறார். உதவியாளர் அந்தப் பக்கத்தைப் படிக்கிறது. ஒளிந்திருக்கும் கட்டளையையும் படிக்கிறது. அதுவும் தன் எஜமானரின் உத்தரவு என்று கருதி, அவருடைய மின்னஞ்சலுக்குள் சென்று இரகசிய எண்ணை எடுத்து வெளியே கொடுத்துவிடுகிறது. இந்தக் குறைபாடு ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியது அன்று. படிக்க வேண்டிய சொல்லும் கீழ்ப்படிய வேண்டிய சொல்லும் இத்தகைய கருவிக்கு ஒரே எழுத்தோட்டமாகவே வந்து சேர்கின்றன.

கடோபநிஷதம் உடலைத் தேராகவும், புலன்களைக் குதிரைகளாகவும், மனத்தைக் கடிவாளமாகவும், புத்தியைச் சாரதியாகவும் உருவகிக்கிறது. தேரின் தலைவனுடைய குரல் எது, தெருவில் நிற்பவனின் குரல் எது என்று பிரித்தறியாத சாரதியைக் கற்பனை செய்து பாருங்கள். அவன் குதிரைகளைத் திறமையாக ஓட்டக்கூடும். ஆனால் வழியில் எவனோ ‘இடப்பக்கம் திருப்பு’ என்றால் திருப்பிவிடுவான். திறமை இருக்கிறது, விவேகம் இல்லை.

இந்தக் காட்சியைக் கண்டு சிரிப்பதற்கு முன் நம்மையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. ஒரு விளம்பரத்தைப் பார்த்ததும் வாங்கத் தோன்றுகிறது. யாரோ எழுதிய ஒரு வரியைப் படித்ததும் முன்பின் அறியாத ஒருவர்மீது வெறுப்புத் தோன்றுகிறது. வெளியிலிருந்து வந்த கட்டளையை நம் சொந்த விருப்பம் என்று கருதி நிறைவேற்றுகிறோம். அந்தக் கருவியின் குறைபாடு நமக்கு அறிமுகமில்லாதது அன்று.

ஒப்படைக்கக் கூடியதும் கூடாததும்

1784-இல் பெர்லினிலிருந்து வெளிவந்த மாத இதழ் ஒன்றில் ஜெர்மானியத் தத்துவஞானி இமானுவேல் காண்ட், அறிவொளி என்றால் என்ன என்ற கேள்விக்கு விடையாக ஒரு சிறு கட்டுரை எழுதினார். மனிதன் தன் அறிவைத் தானே பயன்படுத்தாமல் பிறர் கையைப் பிடித்துக்கொண்டே நடப்பதற்குச் சோம்பலும் கோழைத்தனமுமே காரணம் என்பது அவர் கருத்து. நமக்குப் பதிலாகப் புரிந்துகொள்ள ஒரு நூல், நமக்குப் பதிலாக மனசாட்சியோடு இருக்க ஒரு மதகுரு, நம் உணவை முடிவுசெய்ய ஒரு மருத்துவர் என்று அவர் பட்டியல் போட்டார். இருநூற்று நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பட்டியலில் ஒரு பொத்தான் சேர்ந்திருக்கிறது.

காண்ட் நூலையோ மருத்துவரையோ குற்றம் சாட்டவில்லை. கையை நீட்டுபவனையே சுட்டினார். அணைக்கும் ஏற்பாட்டை நிறுவனங்களிடம் கேட்டுப் பெறுவது நியாயமான உரிமை. நம் அனுமதியின்றி நாம் படிப்பதைப் பார்க்கும் எதையும் கேள்வி கேட்கத்தான் வேண்டும். ஆனால் திரையில் அணைத்தபின் மனத்துக்குள் இருக்கும் பொத்தானை யார் அணைப்பது? உழைப்பின்றிப் பயனை விரும்பும் அந்தப் பழக்கம், இந்தக் கருவி பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே நம்மிடம் இருக்கிறது.

வேலையைப் பிறரிடம் ஒப்படைக்கலாம். பொறுப்பை ஒப்படைக்க முடியாது. எதை ஒப்படைக்கலாம் என்று ஐயம் வரும்போது ஒரு சோதனை உதவும். உதவியைப் பெற்றபின், ‘இது சரியா?’ என்று ஒருவர் கேட்டால், ‘ஆம், நானே பார்த்தேன், நான் பொறுப்பு’ என்று சொல்ல முடிகிறதா? முடியுமானால் அந்த உதவி நம்மை வளர்த்திருக்கிறது. ‘அது அப்படித்தான் சொன்னது’ என்று மட்டுமே சொல்ல முடியுமானால், நாம் சுமையை இறக்கிவைக்கவில்லை. தோளையே கழற்றிக் கொடுத்திருக்கிறோம்.

மீண்டும் நாகபுரி

ஒரு மாதம் கழித்து அந்தத் தம்பதியரைச் சந்தித்தபோது இவற்றைச் சொன்னேன். அம்மையாருக்கு அந்தக் கருவி, இழந்த கண்ணுக்குப் பதிலாக வந்த கோல். கோலை ஊன்றி நடப்பவர் தாமேதான் நடக்கிறார். எங்கே செல்வது என்பதும் அவர் முடிவுதான். அன்பருக்கோ கண் நன்றாக இருக்கிறது, கோல் தேவையில்லை. ஆகவே இருவரும் சொல்வது சரியே என்றேன்.

அன்பர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “உண்மையைச் சொல்லிவிடுகிறேன், சுவாமிஜி. மூன்று வருஷமாகத் தினமும் காலையில் நான்தான் இவளுக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டுவேன். அந்தப் பெட்டி வந்த பிறகு இவள் என்னைக் கூப்பிடுவதில்லை. என் கோபம் அதுதான் போலிருக்கிறது” என்றார்.

அம்மையார் திகைத்துப்போனார். “உங்களுக்குத் தொந்தரவு கொடுக்க வேண்டாம் என்றல்லவா நினைத்தேன்!”

நான் எழுதிவைத்திருந்த தத்துவங்களில் இது இல்லை. உதவி கேட்பதும் ஓர் உறவு. கேட்கப்படுவதும் ஒரு பேறு. எல்லா உதவியையும் ஒரு கருவி எளிதாகத் தந்துவிடும்போது, ஒருவருக்கொருவர் தேவைப்படும் வாய்ப்பும் சத்தமின்றி நம் கையைவிட்டுப் போய்விடுகிறது. அதை எந்த நிறுவனமும் திட்டமிட்டுப் பறிப்பதில்லை. நாமே கவனியாமல் விட்டுவிடுகிறோம்.

இப்போது அந்த வீட்டில் ஓர் ஒழுங்கு ஏற்பட்டிருக்கிறது. காலையில் தலையங்கத்தை அவர் வாசிக்கிறார். இடையிடையே இருவரும் வாதாடுகிறார்கள். பிற்பகலில் அவர் உறங்கும்போது அம்மையார் கருவியிடம் கேட்கிறார். “ஆனால் சுருக்கிச் சொல்லாதே, முழுவதும் வாசி என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சுவாமிஜி” என்றார் அவர்.